அக்டோபர் மழையில் போய்ப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பனாமா நாட்டிலுள்ள பொகேத்தே என்ற மலையூரைப் பற்றி எழுதியிருந்தேன். ஓய்வுக்காலத்தை அங்கே கழிக்கலாமா என்று பார்க்க நானும் என் வீட்டுக்காரரும் போய்வந்த கதை அது. அதைப் படித்துவிட்டு ஏராளமான கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: சொந்த ஊர் திண்டுக்கல். அட்லாண்டாவில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊர் பார்க்கப் போனாலும் என் கண் முதலில் ஆஸ்பத்திரியைத்தான் தேடும்.

அக்கா, ஓய்வு பெற்றால் கோவைக்கோ ஊட்டிக்கோ திரும்பாமல் ஏன் பனாமா? — வாசகி, ஹூஸ்டன்

பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பேரனுக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த நாளே போய் நிற்க வேண்டும் எனக்கு. அட்லாண்டாவிலிருந்து பனாமா சிட்டிக்கு நாலு மணி நேர விமானம்தான். கடிகாரத்தையும் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை. அங்கே புழங்குவது அமெரிக்க டாலர். பல்போவா என்று சொந்த நாணயம் இருந்தாலும் அது டாலருக்குச் சமம், சில்லறைக் காசாக மட்டும் வரும். மின்சாரமும் அமெரிக்காவைப் போல 110 வோல்ட் என்பதால் இங்கே வாங்கிய மிக்ஸி அங்கே அப்படியே ஓடும்.

பொகேத்தே நாட்டின் மேற்குக் கோடியில், கோஸ்டாரிக்கா எல்லையை ஒட்டிய சிரிக்கி மாகாணத்தில் இருக்கிறது. ஊர்ச் சந்தை ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில். பின்னால் 3,475 மீட்டர் உயரத்துக்குப் பாரு எரிமலை. பனாமாவிலேயே உயரமான சிகரம் அதுதான். விடியற்காலையில் வானம் தெளிவாக இருந்தால் உச்சியிலிருந்து ஒரு பக்கம் பசிபிக், இன்னொரு பக்கம் கரீபியன் என்று இரண்டு கடலும் தெரியும். காப்பித் தோட்டங்களுக்குப் பெயர்போன இடம். எத்தியோப்பியாவிலிருந்து வந்த கெய்ஷா என்ற காப்பி ரகம் 2004-இல் நடந்த ஏலத்தில் சாதனை விலைக்குப் போனதும் உலகமே திரும்பிப் பார்த்தது இந்த மலைச்சரிவுகளைத்தான். அமெரிக்க, கனடிய ஓய்வூதியர்கள் இருபது வருடத்துக்கும் மேலாக இங்கே வந்து குடியேறுகிறார்கள். ஆகவே வெளியூர்க்காரர் என்று யாரும் விறைத்துப் பார்ப்பதில்லை.

"வருடம் முழுக்க வசந்தம்" என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, உண்மையா? — வாசகர், சான் ஹோசே, கலிபோர்னியா

எந்தத் தெருவில், எந்த மாதத்தில் என்று கேளுங்கள். அதைப் பொறுத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

சூட்டைப் பொறுத்தவரை உண்மை. பகலில் 25 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் மெல்லிய கம்பளி வேண்டும். ஏசியும் தேவையில்லை, ஹீட்டரும் தேவையில்லை. ஈரத்தைப் பற்றி மட்டும் விளம்பரம் வாயே திறக்காது. மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மேகம் இறங்கிக் கொட்ட ஆரம்பிக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை இன்னும் கனம், சில நாள் காலையிலிருந்தே விடாது. டிசம்பர் நடுவில் மழை ஓய்ந்ததும் வடக்கிலிருந்து காற்று கிளம்பும். கரீபியன் பக்கத்து ஈரத்தை மலைமுகட்டைத் தாண்டிக் கொண்டுவந்து, மாவு சலித்ததுபோல நுண்ணிய தூறலாகத் தூவும். ஊர்க்காரர்கள் அதை பஹாரேக்கே என்கிறார்கள். வெயிலும் தூறலும் கலந்து அடிக்கும்போது பள்ளத்தாக்கின் குறுக்கே வானவில் நிற்கும். ஜனவரியில் மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்கள் அந்த வானவில்லைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

என் வீட்டுக்காரருக்கு வீசிங் உண்டு. அதனால் வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் சமையலறைக்கும் பால்கனிக்கும் முன்னால் துணி அலமாரியைத்தான் திறந்தேன். தலையை உள்ளே விட்டு ஒரு முறை மூச்சிழுத்தால் போதும், பூஞ்சை வாடை காட்டிக்கொடுத்துவிடும். ஹரமியோ மலைச்சரிவில் ஓர் அழகான வீடு. முற்றத்தில் ஆரஞ்சு மரம், ஜன்னலுக்கு வெளியே மேகம் நடந்து போகிறது. அலமாரியில் மாட்டியிருந்த தோல் பெல்ட்டைத் தொட்டேன், விரலில் பச்சையாக ஒட்டியது. அலமாரியின் தரையில் ஒரு குண்டு பல்பு இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. துணி ஈரம் கோக்காமல் இருக்க அங்கே பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த வீடு எங்களுக்கு ஆகாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

கார் எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் கீழே இறங்கினால் ஆல்ட்டோ பொகேத்தே. பெயரில் 'மேல்' என்று இருந்தாலும் ஊருக்கு நுழைகிற வழியில், தெற்கே திறந்து கிடக்கிற மேட்டு நிலம் அது. மேலே கொட்டிக்கொண்டிருக்கும்போது அங்கே கொடியில் துணி காய்கிறது. காற்றுதான் பலமாக அடிக்கும். மூட்டுவலிக்காரர்களும் மூச்சுத் தொல்லை உள்ளவர்களும் முதலில் அந்தப் பகுதியைப் பாருங்கள். பாலோ ஆல்ட்டோ, ஹரமியோவின் மேல்புறம், ஆல்ட்டோ கியேல் எல்லாம் கண்ணுக்கு விருந்து, நுரையீரலுக்குச் சோதனை.

எனக்கு ஒரே வாரம்தான் லீவு கிடைக்கும். அதற்குள் என்ன பார்ப்பது? — வாசகர், டாலஸ்

லீவை அக்டோபரில் எடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு மலையூர் அதன் மோசமான மாதத்தில் உங்களுக்குப் பிடித்திருந்தால் மற்ற மாதங்களைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

ஹோட்டலில் தங்காதீர்கள். எந்தப் பகுதியில் குடியிருக்க நினைக்கிறீர்களோ அங்கேயே சமையலறையோடு ஒரு வீட்டை வாரவாடகைக்குப் பிடியுங்கள். முதல் நாளே துணி துவைத்துக் காயப்போட்டு, எத்தனை நாளில் காய்கிறது என்று பாருங்கள். மாலை ஆறு மணிக்கு எல்லாக் குழாயையும் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் ஆறு கரைபுரண்டு ஓடும் ஊரில், மார்ச் மாதம் சில பகுதிகளுக்குத் தண்ணீர் சரியாக வராது. குடிநீரை ஊர்க்குழுவே நிர்வகிக்கும் இடங்களும் உண்டு. எந்த மாதம் நிற்கும், தொட்டி வைத்திருக்கிறார்களா என்பதைத் தரகரிடம் கேட்பதைவிடப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேளுங்கள். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு நாய், சேவல், தூரத்துக் குடிக்கடைப் பாட்டு என்று என்னென்ன காதில் விழுகிறது என்று கவனியுங்கள். நடுவில் ஒரு நாள் காரை நிறுத்திவிட்டுச் சாதாரண பேருந்தில் தாவித் நகருக்கு இறங்குங்கள். மாகாணத் தலைநகரம் அது, 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆஸ்பத்திரி, மொத்த விலைக் கடை, விமான நிலையம், அரசு அலுவலகம் எல்லாமே அங்கேதான். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர் என்பதால் பங்குனி மாத மதுரையைப் போலக் கொதிக்கும். மாதத்தில் எத்தனை முறை அங்கே இறங்க வேண்டியிருக்கும் என்று அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

செவ்வாய்க்கிழமை காலை ஆற்றுப் பாலத்தை ஒட்டி வெளிநாட்டுக்காரர்கள் கூடும் சந்தை உண்டு. ரொட்டி, தேன், ஊறுகாய் என்று விற்பார்கள், ஆளுக்கொரு அறிவுரையும் சேர்த்துத் தருவார்கள். பேசுங்கள். ஆனால் புதிதாக வந்து குதூகலமாக இருப்பவர்களைவிட ஊரைக் காலி செய்கிறவர்களைத் தேடிப் பிடியுங்கள். வீட்டுச் சாமான் விற்பனை என்று சுவரில் காகிதம் ஒட்டியிருப்பார்கள். அப்படி ஒரு வீட்டுக்கு ஈரம் உறிஞ்சும் கருவி வாங்கும் சாக்கில் போனேன். ஒஹையோவிலிருந்து வந்து நெடுநாள் இருந்த அம்மாள். "ஊர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, மழையில் இந்த ஏற்றத்தில் இரவில் கார் ஓட்ட எனக்குத் துணிச்சல் இல்லை" என்றார். வாசல் தாழ்வாரத்தில் காப்பி கொடுத்து, கருவியை எப்படிக் கழுவ வேண்டும் என்றும் காட்டினார். எங்கள் வீட்டிலும் இரவில் கார் ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர்தான். திரும்பி வரும் வழியெல்லாம் நாங்கள் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம். மேட்டுத் தெரு வீடுகள் அத்தனையும் எங்கள் பட்டியலிலிருந்து அன்றைக்கே போய்விட்டன.

மெடிகேர் அங்கே செல்லுமா? நெஞ்சுவலி வந்தால் என்ன கதி? — வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

செல்லாது. மிகச் சில விதிவிலக்கு தவிர, அமெரிக்க முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் அந்த நாட்டுக்கு வெளியே ஒரு பைசா தராது. அதற்காகக் கோபத்தில், மெடிகேரில் மாதாமாதம் பிரீமியம் கட்டும் பார்ட் பி என்ற பகுதியை நிறுத்திவிடாதீர்கள். பின்னால் திரும்பச் சேரும்போது, விட்டிருந்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் கூடுதல் பிரீமியம், வாழ்நாள் முழுக்க. எழுபத்தைந்து வயதில் பெரிய வியாதிக்கு அமெரிக்காவுக்குத் திரும்ப நினைப்பவர்கள் அதைக் கட்டிக்கொண்டே வருவதுதான் புத்தி. அங்கே இருக்கும் காலத்துக்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். வயது ஏற ஏறக் கிடைப்பது கஷ்டம், ஏற்கெனவே உள்ள வியாதிகளை விலக்கிவிடுவார்கள். கிளம்பும் முன்பே அதைப் பேசி எழுத்தில் வாங்குங்கள்.

பொகேத்தேயில் சிறு மருத்துவ நிலையங்கள்தான். அவசரம் என்றால் தாவித் போக வேண்டும். அங்கே அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளும் உள்ளன. அதற்கும் மேலான சிகிச்சைக்குப் பனாமா சிட்டி, அதாவது ஒரு மணி நேர உள்ளூர் விமானம் அல்லது நெடுஞ்சாலையில் ஆறேழு மணி நேரம். நீங்கள் பிடித்துவைத்திருக்கும் வீட்டு வாசலிலிருந்து தாவித் அவசரப் பிரிவு வாசல் வரைக்கும், மழை பெய்கிற ஒரு சாயங்காலத்தில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். நாங்கள் ஓட்டிப் பார்த்தோம். ஊருக்குக் கீழேயிருந்து முக்கால் மணி நேரம், மேட்டுத் தெருவிலிருந்து ஒரு மணிக்கும் மேல். நல்ல நாலு வழிச் சாலைதான், ஆனால் அதில் ஏறுவதற்கு முன்னால் இருக்கிற மலைப்பாதைதான் நேரத்தைத் தின்கிறது. இதய நோய், பக்கவாதம் ஏற்கெனவே வந்தவர்களுக்கு என் பதில், தாவித் பக்கமாகவே கீழே இருங்கள், அல்லது வேறு ஊர் பாருங்கள்.

மருந்து விஷயத்தில் ஒரு தொழில்முறை வார்த்தை. மாத்திரையின் கம்பெனிப் பெயரை எழுதிக்கொண்டு போகாதீர்கள், மருந்தின் வேதிப் பெயரையும் மில்லிகிராமையும் எழுதிக்கொண்டு போங்கள். தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கான வழக்கமான மாத்திரைகள் கிடைக்கின்றன. இன்சுலின் போடுகிறவர்கள் மின்தடைக்கு என்ன ஏற்பாடு என்று யோசியுங்கள், இடியோடு மழை வந்தால் மின்சாரம் போகும்.

ஓய்வூதியர் விசா சுலபம் என்கிறார்களே? — வாசகர், டொராண்டோ

பென்சியோனாதோ என்று பெயர். அரசோ நிறுவனமோ உங்கள் ஆயுள் முழுக்க மாதம் குறைந்தது 1,000 டாலர் ஓய்வூதியம் தருவதாக இருக்க வேண்டும். துணைவருக்கு மேற்கொண்டு 250. அமெரிக்க அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் கணக்கில் சேரும். 401கே என்ற வேலைக்காலச் சேமிப்புத் திட்டத்தில் போட்டு வைத்திருக்கும் பணம் மட்டும் இருந்தால் ஏற்கமாட்டார்கள், 'ஆயுள் முழுக்க' என்பதுதான் நிபந்தனை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே வசிக்கும் 55 வயதுப் பெண்களுக்கும் 60 வயது ஆண்களுக்கும் உணவகத்தில், விமானச் சீட்டில், மருந்தில், மருத்துவர் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. உள்நாட்டு முதியவர்களுக்காகப் போட்ட சட்டம், அங்கே குடியிருப்போர்க்கும் பொருந்துகிறது.

நம் ஆட்கள் சிக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, கல்யாணச் சான்று. 1970, 80-களில் கோயிலிலோ மண்டபத்திலோ தாலி கட்டியவர்கள் பலர் பதிவு செய்ததே இல்லை, தமிழ்நாட்டில் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-இல்தான் வந்தது. துணைவருக்கு விசா வேண்டுமானால் சான்று வேண்டும், அது வெளிநாட்டில் செல்லும் என்று உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரையும் வேண்டும். இந்தியாவில் வாங்கிய சான்றென்றால் மாநில அரசு சரிபார்த்து, பிறகு வெளியுறவு அமைச்சகம் முத்திரை போட வேண்டும். ஊருக்குப் போகும்போதே முடித்து வையுங்கள். இரண்டாவது, இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறி, ஓய்வூதியக் கடிதத்தில் வேறு மாதிரி இருந்தால் வக்கீல் விழிப்பார். எல்லாக் காகிதத்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே தங்கினால் அட்டையே ஆபத்தில் என்பதையும் மறக்காதீர்கள். குடியுரிமை வாங்கிய பிறகு கிளம்புவது நல்லது.

வீடு வாங்கிவிடலாமா, விலை ஏறிக்கொண்டே போகிறதாமே? — வாசகர், அட்லாண்டா

வாங்காதீர்கள். ஒரு முழு மழைக்காலமும் ஒரு முழுக் காற்றுக்காலமும் வாடகையில் இருந்துவிட்டுப் பிறகு பேசுங்கள். நாங்கள் பார்த்த இரண்டு படுக்கையறை வீடுகளுக்கு 800-லிருந்து 1,200 டாலர் வரை வாடகை சொன்னார்கள். வாங்கும் விலை என்றால் கதையே வேறு: ஒரே வீட்டுக்கு இரண்டு தரகர்கள் இரண்டு விலை சொன்னதைக் காதால் கேட்டேன்.

நிலத்தில் இரண்டு வகை. பதிவு செய்த பட்டா நிலம் ஒன்று. அனுபவ பாத்தியம் மட்டும் உள்ள நிலம் இன்னொன்று. பின்னது மலிவாக வரும், சிரித்துக்கொண்டே காட்டுவார்கள். நம் ஊரில் வில்லங்கம் பார்க்காமல் யாராவது கிரயம் பண்ணுவோமா? அங்கேயும் பொதுப் பதிவகத்தில் உங்கள் சொந்த வக்கீலை வைத்துப் பாருங்கள், விற்பவர் காட்டும் வக்கீல் வேண்டாம்.

ஆற்றங்கரை வீடு கண்ணைப் பறிக்கும். கால்தேரா ஆறு ஊருக்கு நடுவே உருண்டைப் பாறைகளின் மேல் சலசலத்து ஓடுகிறது. அந்தப் பாறைகளின் அளவைப் பாருங்கள், ஒவ்வொன்றும் கார் அளவுக்கு இருக்கும். அவற்றை அங்கே கொண்டுவந்து போட்டது அதே ஆறுதான். 2008 நவம்பரில் வெள்ளம் வந்து வீடுகளையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போனது. 2020 நவம்பரில் ஈட்டா புயலின் மழையில் சிரிக்கி மாகாணமெங்கும் மண்சரிவு, உயிர்ச்சேதம். எரிமலை ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டாக உறங்குகிறது. ஆறும் சரிவும் அப்படி இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைநகரையும் சிரிக்கியையும் இணைப்பது ஒரே ஒரு நெடுஞ்சாலை. 2023 அக்டோபரில் செப்புச் சுரங்க ஒப்பந்தத்தை எதிர்த்து நாடே தெருவில் இறங்கியபோது அந்தச் சாலை வாரக்கணக்கில் மறிக்கப்பட்டது. பொகேத்தேயில் பெட்ரோல் இல்லை, சமையல் எரிவாயு இல்லை. மலையில் விளைந்த காய்கறி தலைநகருக்குப் போகாமல் அழுகியது. நவம்பர் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் நிலைமை சீரானது. அந்த மக்கள் தங்கள் காட்டுக்கும் ஆற்றுக்கும் போராடினார்கள், அதில் எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான். ஆனால் அங்கே குடியேறுகிறவர் வீட்டில் கூடுதலாக ஒரு சிலிண்டரும், ஒரு மாத மருந்தும் எப்போதும் இருக்க வேண்டும்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினியா? — வாசகி, சிகாகோ

பட்டினியே இல்லை! பொகேத்தேயின் பொதுச் சந்தையில் ஒரு பாட்டி சாக்கை விரித்து உட்கார்ந்து பச்சைக் காய் உரித்துக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால் துவரை. நம் துவரையேதான், காயோடு, பச்சையாக. அங்கே குவாந்து என்கிறார்கள், கிறிஸ்துமஸுக்குத் தேங்காய்ப்பாலில் அரிசியோடு சேர்த்துப் பொங்குவார்கள். ஒரு பை வாங்கி அன்று இரவே பச்சைத் துவரை போட்டுக் குழம்பு வைத்தேன், வீட்டுக்காரர் மூன்றாம் முறை சாதம் கேட்டார். சேப்பங்கிழங்குக்கு நெருங்கிய உறவான ஒரு கிழங்கு ஓத்தோயே என்ற பெயரில் கிடைக்கிறது. மரவள்ளி, வாழைக்காய், சௌசௌ, தேங்காய் எல்லாம் உண்டு. எரிமலையின் அந்தப் பக்கம் செர்ரோ புந்தாவில் விளைகிற கோஸ், கேரட், உருளை அன்றன்று வருகிறது. உளுந்துக்கும் பெருங்காயத்துக்கும் பனாமா சிட்டி போக வேண்டும். அங்கே சிந்தி, குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறைகளாக வணிகம் செய்கிறார்கள், இந்துக் கோயிலும் இருக்கிறது. கறிவேப்பிலை எனக்குக் கண்ணில் படவில்லை. இட்லி மாவு மலைக்குளிரில் மெதுவாகத்தான் பொங்கும், அடுப்புப் பெட்டிக்குள் விளக்கைப் போட்டு வைத்தால் காலையில் சரியாக இருக்கும்.

உணவகத்தில் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழி வரும். கோழி, பன்றி, மீன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்க வேண்டும்.

ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள வேண்டுமா? அங்கே தமிழர் உண்டா? — வாசகர், மெல்பர்ன்

கட்டாயம் கற்க வேண்டும். காப்பிக்கடையில் ஆங்கிலம் ஓடும். தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வருபவரிடமும் இரவு நேரத்து நர்ஸிடமும் ஓடாது. தமிழரை நான் சந்திக்கவில்லை. தமிழ் பேசாமல் நாள் போகாது என்பவர்கள் அதை இப்போதே கணக்கில் எடுங்கள், போன பிறகு வரும் ஏக்கம் பொல்லாதது.

ஏழை மக்கள் வாழும் ஊரில் டாலரோடு போய் மலிவாக வாழ்வது உங்களுக்கு உறுத்தவில்லையா? — வாசகி, சென்னை

உறுத்துகிறது. இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு நன்றி.

பொகேத்தேயின் காப்பியைப் பறிப்பது ஙோபே என்ற பழங்குடி மக்கள். பனாமாவில் 1997-இல் ஙோபே-புக்லே மக்களுக்கென்று தனி ஆட்சிப் பகுதி அமைக்கப்பட்டது, சிரிக்கிக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே பிழைப்புப் போதாமல், அறுவடைக் காலத்தில் குடும்பம் குடும்பமாகத் தோட்டங்களுக்கு வருகிறார்கள். கூலி, பறித்த பழத்தைத் தகர டின்னால் அளந்து. சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு பெண்கள் கடைக்கு வருவார்கள். கணுக்கால் வரை நீண்ட நாகுவா உடை, கழுத்திலும் ஓரத்திலும் வேறு நிறத் துணியில் பல் பல்லாகத் தைத்த முக்கோண வரிசை. ஒரு தாய் அரிசி, எண்ணெய், சோப்பு என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்து, கையிலிருந்த நோட்டோடு ஒப்பிட்டு, கடைசியில் சோப்பைத் திருப்பிக் கொடுத்தாள். எனக்குப் பின்னால் நின்றவர் வண்டியில் இறக்குமதி செய்த வெண்ணெய்க்கட்டி. எங்கள் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கட்டிக்கொண்டு போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கடையில் நிற்க முடியாமல்தான் வெளியே வந்தேன்.

நாம் போகாமல் இருந்தால் அவர்கள் கூலி ஏறிவிடாது. போனால் நிலத்தின் விலை ஏறும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மனை எட்டாது. இரண்டும் உண்மை. நான் எனக்கு வைத்துக்கொண்ட விதிகளைச் சொல்கிறேன். புதிதாகக் காட்டை வெட்டிப் போட்ட மதில் சூழ்ந்த குடியிருப்பில் இருப்பதில்லை, ஊருக்குள் உள்ளூர்க்காரர் வீட்டில் வாடகைக்கு இருப்பது. வீட்டுவேலைக்கு ஆள் வைத்தால் சமூகப் பாதுகாப்பு நிதியில் பதிவு செய்வது, சட்டப்படி ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று மூன்று தவணையில் தர வேண்டிய தெசிமோ என்ற பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தைக் கேட்கும் முன் கொடுப்பது. 'இங்கே யாரும் அதெல்லாம் பார்ப்பதில்லை' என்று சில வெளிநாட்டுக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அது அந்தப் பெண்ணின் முதுமைக்கான பணம். நம் முதுமைக்கு இடம் தேடிப் போகிறவர்கள் அவளுடையதில் கை வைக்கக் கூடாது.

என் மகன், "வயசான காலத்தில் கண் காணாத தேசத்தில் எதற்கு?" என்று முகம் கொடுக்க மாட்டேன் என்கிறான். எப்படிச் சம்மதிக்க வைப்பது? — பெயர் வேண்டாம் என்ற வாசகி, ராலே

அம்மா, அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நடுராத்திரியில் குளியலறையில் நீங்கள் விழுந்தால் யார் வருவார், உங்களில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் அங்கே இருப்பாரா, காரியம் எங்கே நடக்கும், வங்கிக் கணக்கில் யார் கையெழுத்துப் போடுவார். இந்த நாலுக்கும் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பதில் எழுதுங்கள். எழுத முடியாத கேள்விக்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்று பிறகு மகனிடமே கேளுங்கள், அவனையும் இதில் சேர்த்துக்கொண்டதாக இருக்கும். அமெரிக்க வீட்டை விற்காமல் முதல் வருடம் வாடகைக்கு விடுங்கள். பாதி பயம் அதிலேயே தெளிந்துவிடும்.

தொலைபேசியில் வாதாடாதீர்கள், ஒரு முறை கூட்டிக்கொண்டு போங்கள். அக்டோபரில் அவனுக்கு லீவு கிடைக்காது என்றால் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வாரம் சரியாக இருக்கும், அப்போதும் மழை விட்டிருக்காது. ஆனால் நவம்பர் 28 ஸ்பெயினிடமிருந்து பனாமா விடுதலை பெற்ற நாள். அன்று பொகேத்தேயில் பள்ளிக்கூடப் பாண்டு வாத்தியக் குழுக்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து காலையிலிருந்து ஊர்வலம் போகும், மழை பெய்தாலும் நிற்காது. அந்த வாரத்தில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு, ஆகஸ்டிலேயே பதிவு செய்துவிடுங்கள்.